நிலைக்காலைச் சுற்றி லேமினேட் தரை: முதல்முறை போடுபவருக்கு

லேமினேட் தரை போடும்போது அறையின் நடுப்பகுதி யாருக்கும் வந்துவிடும். பலகையைச் சற்றே சாய்த்து, முன்பு போட்ட பலகையின் காடியில் நுழைத்துக் கீழே அழுத்தினால் 'டக்' என்று பூட்டிக்கொள்ளும். நாலு வரிசை போட்டதும் கை பழகிவிடும். வேலை நிற்கிற இடம் வாசல். நிலைக்கால் குறுக்கே நிற்கும். கதவு கீழே உரசும். அடுத்த அறையின் தரை வேறு உயரத்தில் இருக்கும். பலகையைச் சாய்க்க இடமே இருக்காது. புதுச்சேரி முத்தியால்பேட்டையில் ஒரு வீட்டில் இருந்துகொண்டு, ஆசாரியைக் கூப்பிடாமல் நீங்களே இதைச் செய்யப்போகிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, வாசலை மட்டும் விளக்குகிறேன்.

பெட்டிக்குள் ஒரு செய்முறைத் தாள் இருக்குமே, அது போதாதா? போதாது. அந்தத் தாளும், யூடியூபில் வருகிற பெரும்பாலான செய்முறைகளும் குளிர்நாட்டு வீடுகளை மனத்தில் வைத்துச் செய்தவை. அங்கே உள்ளறைக் கதவைச் சுற்றி இருப்பது மெல்லிய அலங்கார மரப்பட்டை. நம் பக்கம் நிலை முதலில் நிற்கும், சுவர் அதை ஒட்டி எழும், தரை கடைசியில் வரும். ஆகவே நாலு அங்குலத்துக்கு மூன்று அங்குலம் என்று தடிமனான தேக்கோ வேங்கையோ வேம்போ, அதன் கால் தரைக்குள்ளேயே புதைந்திருக்கும். 'பட்டையைக் கழற்றிவிட்டுப் போடுங்கள்' என்று வீடியோவில் சொல்வார்கள். நம் வாசலில் கழற்ற ஒன்றும் கிடையாது.

முதலில், லேமினேட் பலகை என்பது என்ன? மரநாரை உயர் அழுத்தத்தில் அழுத்திச் செய்த அட்டை (கடையில் எச்டிஎஃப் என்பார்கள்), அதன் மேல் மரம் மாதிரி அச்சிட்ட தாள், அதற்கும் மேல் கீறல் தாங்கும் ஒளிபுகும் படலம். பெரும்பாலும் 8 அல்லது 12 மி.மீ. தடிமனில் வரும். உண்மையான மரம் அல்ல என்றாலும் மரத்தின் ஒரு குணம் அதற்கு உண்டு: காற்றில் ஈரம் கூடினால் விரியும், குறைந்தால் சுருங்கும்.

அதனால்தான் இதைத் தரையோடு ஒட்டுவதோ ஆணியடிப்பதோ இல்லை. பலகைகள் ஒன்றோடொன்று மட்டும் பூட்டிக்கொண்டு, மொத்த விரிப்பும் பழைய தரைமேல் சும்மா கிடக்கும் (இதற்கு 'மிதக்கும் தரை' என்று பெயர்). சுவரைச் சுற்றி 8 முதல் 10 மி.மீ. இடைவெளி விடச் சொல்வது அது விரிவதற்கான இடம். நிலைக்காலும் இந்த விஷயத்தில் சுவர்தான். வாசலில் செய்கிற எல்லா வேலையும் இந்த ஒன்றை வைத்தே: தரை எந்த இடத்திலும் மாட்டிக்கொள்ளக்கூடாது, ஆனால் இடைவெளி கண்ணுக்கும் தெரியக்கூடாது.

இந்தத் தரை பிறந்தது ஸ்வீடனில். பெர்ஸ்டார்ப் என்ற நிறுவனம் 1970களின் கடைசியில் உருவாக்கி, பிறகு பெர்கோ என்ற பெயரில் விற்றது. அப்போதெல்லாம் பலகைகளைப் பசை தடவித்தான் சேர்த்தார்கள். பசையில்லாமல் பூட்டிக்கொள்ளும் முறை 1996, 1997 வாக்கில் ஸ்வீடனின் வாலிங்கே, பெல்ஜியத்தின் யூனிலின் நிறுவனங்கள் வழியாக வந்தது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், சாய்க்க இடமில்லாத வாசலில் நாம் அந்தப் பழைய பசை முறைக்குத்தான் திரும்பப்போகிறோம்.

நம் ஊருக்கு இது ஒத்துவருமா? மாடியில் வரும். தரைத்தளத்தில் யோசிக்க வேண்டும். முத்தியால்பேட்டையில் கிழக்கே சோலை நகர்ப் பக்கம் போனால் கடல். ஆண்டில் பெரும்பகுதி காற்றில் ஈரம் கூடியே இருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கேட்கவே வேண்டாம். 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 40 செ.மீ.க்கும் மேல் மழை கொட்டியது நினைவிருக்கும். அன்று உங்கள் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியிருந்தால், அந்தத் தளத்தில் லேமினேட் வேண்டாம். ஒருமுறை ஊறி விளிம்பு உப்பிய பலகை காய்ந்தாலும் பழைய நிலைக்கு வராது.

தரைத்தளத்தில் மரத் தோற்றம்தான் வேண்டும் என்றால் எஸ்பிசி பலகையைப் பாருங்கள் (சுண்ணாம்புக்கல் தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை, தண்ணீரில் உப்பாது). பூட்டும் முறை ஏறக்குறைய இதேதான். 4 முதல் 6 மி.மீ. தடிமன் என்பதால் வாசல் வேலையும் குறையும். கடலோரத் தரைத்தளத்துக்கு என் ஓட்டு இதற்குத்தான்.

இடையில் ஒன்று. பழைய வீட்டில் விரிசலில்லாத சிவப்பு ஆக்சைடு தரை இருந்தால், அதைத் தேய்த்து மெருகேற்றிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். அதை மூடுவதற்கு எனக்கு மனம் வராது. மூடியே ஆகவேண்டும் என்றால், பசையில்லாத மிதக்கும் தரை நல்லது, என்றைக்காவது கழற்றலாம்.

சிமென்ட் தரையிலிருந்து ஈரம் ஏறுகிறதா என்று எப்படித் தெரியும்? இரண்டடிக்கு இரண்டடி பாலித்தீன் தாளை வாசலுக்குப் பக்கத்தில் விரித்து, நாலு ஓரமும் டேப் ஒட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். எடுக்கும்போது அடியில் நீர் முத்து கோத்திருந்தாலோ தரை கறுத்திருந்தாலோ ஈரம் ஏறுகிறது. முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். தாள் காய்ந்திருந்தாலும், போடும்போது அடியில் 200 மைக்ரான் பாலித்தீன் விரிப்பு போட்டு, ஓரங்களை 20 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி ஒட்டுவதே பாதுகாப்பு. பலகைப் பெட்டிகளைப் பிரிக்காமல், போடப்போகிற அறையிலேயே 48 மணி நேரம் படுக்கவையுங்கள். அறையின் ஈரத்துக்கு அவை பழக வேண்டும்.

அடுத்து நிலைக்காலின் அடியைப் பாருங்கள். கரையான் வீட்டுக்குள் ஏறும் வழிகளில் முக்கியமானது தரைக்குள் புதைந்த அந்த மரக்கால்தான். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் அடிப்பகுதியைத் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் சரி. உள்ளே கூடுபோல் ஒலித்தாலோ, முனையால் குத்தும்போது பெயின்ட் உள்வாங்கினாலோ வேலையை நிறுத்திக் கரையான் மருந்து அடிப்பவரைக் கூப்பிடுங்கள். எச்டிஎஃப் அட்டையும் மரநார்தான்; கரையானுக்குப் புது விருந்து வைத்த மாதிரி ஆகிவிடும். கட்டிமுடித்த வீட்டுக்குக் கரையான் தடுப்பு எப்படிச் செய்வது என்று ஐஎஸ் 6313 என்ற இந்தியத் தர விதி இருக்கிறது. 'அந்த முறைப்படிதான் செய்வீர்களா' என்று கேட்டுவிட்டு வேலை கொடுங்கள்.

எல்லா வாசலையும் ஒரே மாதிரி செய்யலாமா? கூடாது. தலைவாசலை விட்டுவிடுங்கள். நல்ல நாள் பார்த்துப் பூஜை செய்து நிறுத்திய நிலை அது. அதில் ரம்பம் வைக்க வீட்டுப் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள். அது ஒருபுறமிருக்க, அங்கே கீழ்ப்படியும் இருக்கும், தினம் கழுவுவார்கள், மஞ்சள் பூசுவார்கள், கோலத்துத் தண்ணீர் உள்ளே வரும். படிக்கு ஓரடி முன்னாலேயே லேமினேட்டை முடித்து, முடிவுப் பட்டை (பலகையின் வெட்டு விளிம்பை மூடும் அலுமினியப் பட்டை) வைத்துவிடுங்கள். படிக்கும் பட்டைக்கும் நடுவே பழைய தரையே இருக்கட்டும். செருப்பு விடவும் அந்த இடம் உதவும்.

குளியலறை வாசலிலும் இதே எச்சரிக்கைதான். ஈரக்காலோடு வெளியே வருகிற முதல் அடி விழுவது அங்கேதான். குளியலறை வாசலில் கிரானைட் பட்டி இருந்தால் அதற்கு 8 மி.மீ. முன்னால் பலகையை நிறுத்தி, அந்த இடைவெளியை நெகிழ்வான சிலிகான் பசையால் நிரப்புங்கள். சிமென்டோ வெள்ளைச் சிமென்டோ வைத்து அடைத்தால் தரை மாட்டிக்கொள்ளும். கொல்லைக் கதவும் பால்கனிக் கதவும் மழைச் சாரல் படுகிற இடங்கள் என்பதால் அங்கேயும் தலைவாசல் கணக்குதான்.

மீதி இருப்பவை கூடத்துக்கும் படுக்கையறைகளுக்கும் நடுவிலுள்ள உள்வாசல்கள். இனி சொல்வதெல்லாம் அவற்றைப் பற்றி.

கதவு உரசுமா? கிட்டத்தட்ட உறுதியாக உரசும். 8 மி.மீ. பலகை, அதன் அடியில் 2 மி.மீ. நுரை விரிப்பு, ஆக 10 மி.மீ. தரை உயரும். 12 மி.மீ. பலகை என்றால் 14, 15 வரை போகும். நம் உள்கதவுகளுக்கு அடியில் அவ்வளவு இடம் இருப்பது அபூர்வம். தரை போட்டு முடித்துவிட்டுக் கதவைப் பார்க்கலாம் என்று நினைக்காதீர்கள். உள்பக்கம் திறக்கும் கதவைச் சாத்திவிட்டு உள்ளே தரை போட்டால் வெளியே வர வழியிருக்காது. கதவைத்தான் முதலில் வெட்ட வேண்டும்.

எவ்வளவு வெட்டுவது? ஒரு துண்டு நுரை விரிப்பு, அதன்மேல் ஒரு துண்டுப் பலகை, அதன்மேல் 5 மி.மீ. கனத்துக்கு அட்டை. இந்த அடுக்கைக் கதவுப் பக்கத்தில் வைத்து, அதன் மேல் விளிம்பை ஒட்டிக் கதவில் பென்சில் கோடு போடுங்கள். இதைக் கதவு சாத்தியிருக்கும்போது மட்டும் செய்தால் பற்றாது. பழைய தரை அறைக்குள் போகப் போகச் சற்றே ஏறியிருக்கலாம். கதவைக் கால்வாசி, பாதி, முழுதும் என்று திறந்து ஒவ்வோர் இடத்திலும் அடுக்கை வைத்துப் பார்த்து, எங்கே கோடு மிக உயரமாக விழுகிறதோ அதையே எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மி.மீ. அதிகமில்லையா என்று தோன்றும். மழைக்காலத்தில் கதவு உப்பி இறுகுவது உங்களுக்குத் தெரியாததல்ல. அந்த இடம் வேண்டும்.

ஃப்ளஷ் கதவின் அடியில் உள்ளே ஒரு மரச்சட்டம் இருக்கும். 10, 15 மி.மீ. வெட்டினால் அது தாங்கும்; அதற்கு மேல் வெட்டினால் கதவின் கூடு வெளியே தெரிய ஆரம்பிக்கலாம். பிவிசி கதவை வெட்டாதீர்கள். அந்த அறைக்கு மெல்லிய எஸ்பிசி வாங்குவது மேல். வெட்டிய விளிம்புக்கு அன்றே வார்னிஷ் அடித்துவிடுங்கள். பூச்சில்லாத வெறும் மரம் ஈரத்தை உறிஞ்சினால், வெட்டியதெல்லாம் வீணாகிக் கதவு மறுபடி இறங்கி உரசும்.

இனி நிலைக்கால். பலகையை நிலையின் வளைவுநெளிவுக்கு அச்சாக வெட்டி ஒட்டவைக்கலாமே என்று தோன்றும். ஒட்டவைத்தால் விரிய இடமிருக்காது. இடம் விட்டால் ஓட்டை தெரியும். ஆகவே பலகையை வெட்டுவதற்குப் பதிலாக நிலையின் அடியில் ஒரு காடி எடுத்து, பலகை அதற்குள் நுழையும்படி செய்வதே சுத்தமான வழி. இடைவெளி காடிக்குள் ஒளிந்துகொள்ளும்.

நிலையை அறுத்தால் வீட்டுக்குப் பலக்குறைவு வராதா? வராது. நிலையைச் சுவரோடு பிடித்துவைத்திருப்பவை பக்கவாட்டில் சுவருக்குள் போகும் இரும்புப் பிடிகள். நீங்கள் எடுக்கப்போவது தரையிலிருந்து 10, 11 மி.மீ. உயரத்துக்கு, வெளியே தெரியும் பக்கங்களில் 15 மி.மீ. ஆழத்துக்கு மட்டுமே. மூன்று அங்குலக் கட்டையில் நடுப்பகுதி அப்படியே இருக்கும். முழுக்காலையும் குறுக்கே அறுத்துத் துண்டிக்காதீர்கள், அதற்கு அவசியமே இல்லை.

காடி எடுப்பது இப்படி. துண்டு நுரை விரிப்பின்மேல் துண்டுப் பலகையை வைத்து நிலையோடு ஒட்டுங்கள். பலகையின் அழகான முகம் கீழே இருக்கட்டும், ரம்பம் அதன் முதுகில் படுத்தபடி ஓடும். இழுக்கும்போது அறுக்கும் மெல்லிய கைரம்பம் (வளையக்கூடிய, முதுகுப்பட்டை இல்லாத வகை) இதற்கு வசதி. ரம்பத்தைப் பலகைமேல் தட்டையாக அழுத்திப் பிடித்து 15 மி.மீ. ஆழம் வரை அறுங்கள். ரம்பத்தில் அந்த ஆழத்துக்கு ஒரு டேப் துண்டு ஒட்டிவைத்தால் கணக்குத் தப்பாது. பிறகு துண்டுகளை எடுத்துவிட்டு, கோட்டுக்குக் கீழே உள்ள மரத்தை உளியால் கொஞ்சம் கொஞ்சமாகச் செதுக்கி வெளியே தள்ளுங்கள். பழைய தேக்கு கையை நோகடிக்கும். நாலைந்து வாசல் இருந்தால் மல்டி டூல் எனப்படும் அதிரும் பிளேடு இயந்திரத்தை வாடகைக்கு எடுத்துவிடுங்கள்.

கல் அறுக்கும் கிரைண்டரில் மரப் பல் பிளேடு மாட்டி இதைச் செய்துவிடலாம் என்று யாராவது சொல்வார்கள். செய்யாதீர்கள். தரையை ஒட்டிய மூலையில் பிளேடு சிக்கினால் இயந்திரம் உங்கள் முகத்துக்கே எகிறும்.

ரம்பம் 'கிர்' என்று இரும்பில் உரசினால் நிறுத்துங்கள். சில ஆசாரிகள் நிலைக்காலின் அடியில் கம்பி செருகித் தரைக்குள் இறக்கியிருப்பார்கள். அது பெரும்பாலும் காலின் நடுவில் இருக்கும், 15 மி.மீ. ஆழத்தில் எதிர்ப்பட்டால், அந்த இடத்தில் மட்டும் ஆழத்தைக் குறைத்துக்கொண்டு பலகையில் சின்ன வெட்டு விடலாம். காடி முடிந்ததும் தூசி தட்டி, உள்ளே வார்னிஷ் தடவுங்கள்.

நிலை மரமே இல்லையென்றால்? சிமென்ட் நிலை, கிரானைட் நிலை, இரும்பு ஆங்கிள் நிலை எல்லாம் இப்போது சாதாரணம். அங்கே காடி எடுக்க முடியாது. பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை ஒன்றை எடுத்து நிலையின் வடிவத்துக்கு வெட்டி, பொருந்துகிறதா என்று பார்த்து, அதை வைத்துப் பலகையில் வரைந்து, 8 மி.மீ. தள்ளி வெட்டுங்கள். இடைவெளியைப் பலகை நிறத்திலேயே கிடைக்கும் நெகிழ்வான சீலன்ட்டால் (காய்ந்த பிறகும் ரப்பர் போல் வளையும் அடைப்புப் பசை) நிரப்புங்கள். கிட்டப்போய்ப் பார்த்தால் கோடு தெரியும்தான். தெரியட்டும்.

இப்போது பலகையை அளந்து வெட்டுவோம். இதில்தான் புதியவர்கள் திணறுவார்கள், ஆகவே ஓர் உண்மை அளவிலேயே பார்க்கலாம். நம் சுவர் ஒன்பது அங்குலம். நிலை அதன் ஒரு பக்கத்தோடு சமமாக நிற்கும். மறுபக்கத்திலிருந்து வாசலுக்குள் போனால் முதலில் பூச்சு மூலை, பிறகு உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் நிலைக்கால் என்று இரண்டு திருப்பங்கள் வரும். பலகையின் அகலம் 195 மி.மீ. என்று வையுங்கள். அதில் 80 மி.மீ. சுவரில் முட்டுகிறது, மீதி 115 மி.மீ. வாசலுக்குள் போகிறது. நிலைக்கால் பூச்சைவிட 50 மி.மீ. உள்ளே நீட்டியிருக்கிறது.

பூச்சுக்கு அடியில் நுழைய முடியாது. அங்கே 10 மி.மீ. தள்ளி நிற்க வேண்டும். ஆக முதல் வெட்டு 80உம் 10உம் சேர்ந்து 90 மி.மீ. நிலைக்காலுக்கு அடியிலோ 7 மி.மீ. உள்ளே நுழையப்போகிறோம். நிலையின் முகம் 80உம் 50உம் சேர்ந்து 130இல் இருக்கிறது. அதில் 7 குறைத்தால் 123. ஆக இரண்டாவது வெட்டு 123 மி.மீ. மீதி 72 மி.மீ. நாக்குப்போல் வாசலைக் கடந்து போகும். அதில் 65 கண்ணுக்குத் தெரியும், 7 நிலைக்கு அடியில் மறைந்திருக்கும். காடியின் ஆழம் 15 என்பதால் அதற்குப் பின்னால் 8 மி.மீ. விரிவதற்கு இருக்கிறது. வாசலுக்கு முட்டுவதைக் கழி, மறைவதைக் கூட்டு, அவ்வளவுதான் கணக்கு.

மூலைமட்டத்தை வைத்துக் கோடு போட்டு, உள்மூலை வருகிற இடங்களில் முதலில் டிரில்லால் துளை போட்டுவிட்டு அறுங்கள். துளையில்லாமல் அறுத்தால் அந்த மூலையிலிருந்து விரிசல் ஓடும். தள்ளும்போது வெட்டும் சாதாரணக் கைரம்பத்தால் அறுக்கும்போது பலகையின் முகம் மேலே இருக்க வேண்டும். ஜிக்சா இயந்திரத்தில் பல் மேல்நோக்கி வெட்டும். ஆகவே முகம் கீழே. முதுகில் கோடு போடும்போது இடம் வலமாக மாறிவிடும் என்பதை மறந்துதான் நல்ல பலகைகள் குப்பைக்குப் போகின்றன. அட்டையில் முதலில் வெட்டி, வாசலில் வைத்துப் பார்த்து, அதைத் திருப்பிப் போட்டு முதுகில் வரையுங்கள். மாஸ்க் போடாமல் அறுக்காதீர்கள்; எச்டிஎஃப் தூசி மாவுபோல் நுண்ணியது.

வெட்டியாயிற்று, எப்படி உள்ளே நுழைப்பது? பலகையைச் சாய்த்தால்தான் பூட்டும். நிலைக்கு அடியில் 11 மி.மீ. காடிக்குள் சாய்க்க வழியில்லை. முடிந்தால் வேலையை அந்த வாசலுள்ள சுவரிலிருந்தே ஆரம்பியுங்கள். முதல் வரிசை எதனோடும் பூட்டவில்லை என்பதால், தரையோடு நகர்த்திக் காடிக்குள் தள்ளிவிடலாம். அடுத்த வரிசைகள் அறையின் பக்கம் வளரும்.

எதிர்ச்சுவரிலிருந்து ஆரம்பித்து வாசலில் வந்து முடிகிறீர்கள் என்றால், பழைய பசை முறைதான். ஏற்கெனவே போட்ட பலகையின் காடியைப் பாருங்கள். கீழ் உதடு சற்று நீண்டு, அதன் ஓரத்தில் ஒரு சின்ன மேடு இருக்கும். சாய்த்து நுழைத்த நாக்கைப் பிடித்து நிறுத்துவது அந்த மேடுதான். வாசல் நீளத்துக்கு மட்டும் அதைக் கூரான உளியால் சீவி எடுத்துவிடுங்கள். இப்போது புதுப் பலகை சாயாமலே தட்டையாக உள்ளே போகும். பூட்டு இல்லாததால் பசை வேண்டும்: ஃபெவிகால் மரைன் போல நீர் தாங்கும் மரப்பசையைக் காடியின் மேல் உதட்டின் உள்பக்கம் மெல்லிய கோடாக விடுங்கள். பலகையை முதலில் நிலைக்கு அடியில் நுழைத்து, பிறகு இழுகம்பியை (வளைந்த முனையுள்ள தட்டை இரும்பு, பலகையின் தூர விளிம்பில் மாட்டித் தட்டுவது) மாட்டிச் சுத்தியலால் மெல்லத் தட்டினால் இணைப்பு மூடிக்கொள்ளும். பிதுங்கிய பசையை ஈரத்துணியால் உடனே துடைத்து, டேப் ஒட்டி இரவு முழுக்க விடுங்கள்.

பசை பழைய தரையில் வழிந்து ஒட்டிவிட்டால்? நுரை விரிப்பு நடுவில் இருப்பதால் பெரும்பாலும் ஒட்டாது. ஆனாலும் அதிகம் விடாதீர்கள்.

இரண்டு அறைகளிலும் லேமினேட் என்றால் வாசலில் நிறுத்தாமல் தொடரலாமா? பார்வைக்கு நன்றாக இருக்கும். ஆனால் பெரும்பாலான நிறுவனங்கள் வாசலில் வெட்டுவிடச் சொல்கின்றன. உத்தரவாதமும் அதைப் பொறுத்தே. காரணம் எளிது. இரண்டு பெரிய விரிப்புகள் தனித்தனியாக விரிந்து சுருங்கும். நடுவில் அவற்றை இணைப்பது மூன்றடி அகல வாசல் மட்டும். இழுபறி முழுக்க அந்தக் குறுகிய இடத்தில் விழுந்து பூட்டு விட்டுவிடும். நம் ஈரக் காற்றில் இந்த ஆபத்தை நான் எடுக்கமாட்டேன்.

பழைய நெசவாளர் வீடுகளின் பாணியில் குறுகி நீண்ட வீடு என்றால், தலைவாசலில் நின்றால் கொல்லைக் கதவு தெரியும். அங்கே ஒவ்வோர் அறையும் தனித்தனியாக நேராக இருந்தால் பற்றாது. எல்லா வாசலையும் சேர்த்துப் பார்க்கும்போது கோடு நேராக ஓட வேண்டும். தொடங்கும் முன் முன்கூடத்திலிருந்து கடைசி அறை வரை வாசல்களின் நடுவே ஒரு நூல் பிடித்துக் கட்டி, பலகை வரிசை எல்லா அறையிலும் அந்த நூலுக்கு இணையாக வருமாறு பாருங்கள். சுவரை நம்பாதீர்கள், பழைய சுவர் எதுவும் நேர் இல்லை.

வெட்டு எங்கே வரவேண்டும்? கதவு சாத்தியிருக்கும்போது அதன் தடிமனுக்கு நேர் கீழே. அப்படியானால் எந்த அறையிலிருந்து பார்த்தாலும் மற்ற அறையின் தரை தெரியாது. அந்த வெட்டை மூடுவது டி-பட்டை (குறுக்கே பார்த்தால் 'டி' எழுத்துபோல் இருக்கும் உலோகப் பட்டை). அடியிலுள்ள பள்ளப்பட்டையைத் திருகாணியால் பழைய தரையில் பொருத்தி, மேல்பட்டையை அழுத்தினால் மாட்டிக்கொள்ளும். திருகாணி இரண்டு பலகைகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில்தான் இறங்க வேண்டும், பலகை வழியாக அல்ல. தரைக்குள் தண்ணீர்க்குழாயோ வயரோ ஓடுகிறதா என்று தெரிந்துகொண்டு டிரில் போடுங்கள். கடற்காற்றுக்கு அலுமினியமோ பித்தளையோ வாங்குங்கள். திருகாணி துருப்பிடிக்காத எஃகாக இருக்கட்டும்.

ஒரு பக்கம் லேமினேட், மறுபக்கம் 10 மி.மீ. தாழ்ந்த பழைய டைல்ஸ் என்றால் டி-பட்டை ஆடும். அதற்குச் சரிவுப் பட்டை (ஒரு பக்கம் உயர்ந்து மறுபக்கம் சரியும் பட்டை, கடையில் ரெட்யூசர்) கேளுங்கள். வீட்டில் வயதானவர்கள் இருந்தால் இதில் சிக்கனம் பார்க்காதீர்கள். நடுராத்திரி இருட்டில் குளியலறைக்குப் போகிற கால் அந்த அரை அங்குலத்தில்தான் தடுக்கும்.

தாழ்ப்பாள் ஞாபகமிருக்கிறதா? கதவின் அடியிலுள்ள தாழ்ப்பாள் தரைத் துளைக்குள் இறங்கும் வீடுகள் நிறைய. 10 மி.மீ. தாழ்ப்பாளுக்குப் பலகையில் 25 மி.மீ. துளை போடுங்கள். சரியாக 10க்குப் போட்டால், தாழிட்ட ஒவ்வோர் இரவும் தரையை ஆணியடித்த மாதிரி ஆகும். ஒற்றைக் கதவுக்கு மேல்தாழ்ப்பாளே போதும், கீழே உள்ளதை எடுத்துவிடலாம். கதவைப் பிடித்துவைக்கும் ஸ்டாப்பரையும் பலகை வழியாகத் தரையில் திருகாதீர்கள். சுவரில் பொருத்தும் வகையோ, கதவிலேயே மாட்டும் காந்த வகையோ வாங்குங்கள்.

பூச்சு மூலையில் விட்ட 10 மி.மீ. இடைவெளிக்குக் கால்வட்டப் பீடிங் (கால்பங்கு உருளை வடிவ மெல்லிய மரப்பட்டை) போதும். வாசலுக்குள் திரும்பும் சிறு சுவர்ப் பகுதிக்கும் அதை மடக்கிக் கொண்டுபோய் நிலைக்காலில் முட்டவிடுங்கள். ஆணி சுவருக்குள் போகட்டும், பலகைக்குள் வேண்டாம்.

வெள்ளிக்கிழமை வீடு கழுவுவது என்ன ஆகும்? வாளித் தண்ணீர் ஊற்றித் தள்ளுவது இனி லேமினேட் அறையில் கிடையாது; நன்றாகப் பிழிந்த துணிதான். வேலைக்கு வரும் அம்மாவிடம் முதல்நாளே சொல்லிவிடுங்கள். கூடத்தைக் கழுவும்போது தண்ணீர் டி-பட்டைக்கு அடியில் புகாமல் வாசலில் ஒரு பழைய துணியைச் சுருட்டி வைப்பது நல்லது.

ஒரு மழைக்காலம் போன பிறகு வாசலருகே தரை மேடுதட்டி, மிதித்தால் அமுங்குகிறது என்றால் பலகை கெட்டுவிட்டதாக நினைத்துப் பிரிக்காதீர்கள். எங்கோ மாட்டியிருக்கிறது. டி-பட்டையின் மேல்மூடியைக் கழற்றி இரண்டு பக்கமும் இடைவெளி இருக்கிறதா பாருங்கள்; பிறகு பீடிங்கை எடுத்துப் பூச்சு மூலையைப் பாருங்கள்; கடைசியாக ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அட்டையை நிலைக்கு அடியில் காடிக்குள் விட்டுப் பாருங்கள். பலகையின் மேல் 7 மி.மீ.யைத் தாண்டி இன்னும் உள்ளே போகிறதா, உடனே முட்டுகிறதா? முட்டுகிற இடத்தில் பலகையை மல்டி டூலால் 8 மி.மீ. வெட்டிவிட்டால், மேடு இரண்டொரு நாளில் தானே படுத்துக்கொள்ளும்.